என்ட்ரெய்ன்மென்ட்: இயைந்தியக்கம்

பாட்டு ஒலிக்கும்போது யாரும் சொல்லாமலே கால் தாளம் போடத் தொடங்குகிறது. கணினி இசை ஆய்விலும் இசை உளவியலிலும் இதை என்ட்ரெய்ன்மென்ட் என்கிறார்கள். தனக்கென ஒரு கதி கொண்ட இயக்கம், அதேபோன்ற இன்னோர் இயக்கத்தின் தாக்கத்தால் அதனோடு ஒரே கதிக்கு வந்து நிலைப்பதே இதன் பொருள்.

‘உடன் இழுத்துச் செல்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் இது. பெட்டிகளை இழுத்துச் செல்லும் ட்ரெயினுக்கும் அதே வேர்தான். சொல் வருவதற்கு வெகுமுன்பே நிகழ்வைக் கண்டவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1665-இல், ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள், குலைத்துவிட்டாலும் சிறிது நேரத்தில் மீண்டும் ஒரே கதியில், எதிரெதிர்த் திசைகளில் ஆடுவதை அவர் கவனித்தார். தாங்கியின் மிக நுண்ணிய அசைவுதான் ஒன்றின் செய்தியை மற்றதற்குக் கொண்டுசென்றது. அங்கே இழுத்தது யார், இழுபட்டது யார்? இரண்டுமே கொஞ்சம் விட்டுக்கொடுத்தன.

மனிதரிடம் விஷயம் இன்னும் சுவையானது. சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியின் ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலோரின் விரல் ஒலிக்குச் சில பத்து மில்லிவிநாடிகள் முன்னதாகவே விழுகிறது. கேட்ட பிறகு தட்டினால் பிந்தத்தானே வேண்டும்? ஆக, மூளை அடுத்த தட்டை முன்கூட்டியே கணிக்கிறது. உடல் அசையாமல் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலே, மூளையில் உடல் இயக்கத்தோடு தொடர்புடைய பேசல் கேங்லியா பகுதி செயல்படுவதை ஆய்வாளர்கள் ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் காட்டினார்கள்.

கணினிக்கு இதைக் கற்பிப்பதும் பழைய முயற்சிதான். வாசிப்பவரின் வேகத்தைக் கேட்டுப் பக்கவாத்தியம் இசைக்கும் நிரல்களை, 1984-இல் பாரிஸில் நடந்த சர்வதேச கணினி இசை மாநாட்டில் ரோஜர் டேனன்பர்க்கும் பாரி வெர்கோவும் தனித்தனியே முன்வைத்தனர். தட்டுக்குத் தட்டு தன் கதியைத் திருத்திக்கொள்ளும் அலையியற்றிகளாக (ஊசல்போல் தாமே சீராக ஆடும் அமைப்புகளாக) தாள உணர்வை விளக்கும் மாதிரிகள் 1990-களில் வந்தன.

தமிழில் என்ன சொல்வது? ‘ஒத்ததிர்வு’ பொருந்தாது. அது, வெளித்தூண்டலுக்கு ஏற்ப ஒரு பொருள் வலுவாக அதிரும் ரெசொனன்ஸுக்கு உரியது. தூண்டல் நின்றால் அதிர்வும் அடங்கிவிடும். இங்கோ, தாங்கியிலிருந்து பிரித்தாலும் கடிகாரம் தன் கதியில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஒத்திசைவு’ பரவலாக வழங்குகிறது. ஆனால் கைபேசியில் கோப்புகளைச் சமன்படுத்துவது முதல் ஹார்மனி வரை அந்த ஒரு சொல்லே சுமக்கிறது, பாவம். ‘ஈர்ப்பு’, ‘இழுப்பு’ போன்றவை வேர்ப்பொருளை நம்பி ஏமாந்த ஆக்கங்கள்.

இயைந்தியக்கம் என்பதே என் தேர்வு. இயைதல் பொருந்துவதையும் இயக்கம் அசைவையும் சொல்லிவிடுகின்றன. வினையாகவும் இயல்பாக வரும்: ‘நடை தாளத்தோடு இயைந்தியங்குகிறது’, ‘உடலின் நாட்கடிகாரம் பகலொளியோடு இயைந்தியங்குகிறது’. தாளத்தைப் பற்றி மட்டும் பேசும்போது ‘தாள இயைவு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.