ரிவெர்ப்: எதிரொலி இல்லை, எதிர்முழக்கம்

புது வீட்டுக்குக் குடிபோய், சாமான் எல்லாம் வருவதற்கு முன்பே ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ரூம் ஒரே எக்கோ அடிக்குது". இதில் எக்கோ தப்பு, அடிக்குது ரொம்பச் சரி.

எதிரொலி என்றால் முதல் சத்தத்துக்கும் திரும்பி வருவதற்கும் நடுவில் காதுக்குத் தெரிகிற இடைவெளி வேண்டும், சுமார் 0.1 விநாடி. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது, ஆக சுவர் 17 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 12க்கு 14 அடி அறையில் அதற்கு எங்கே போவது? இங்கே நடப்பது வேறு. சுவர், தரை, கூரை என்று பட்டுப் பட்டுத் திரும்புகிற ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பிரித்துக் கேட்க முடியாதபடி வால் போல இழுபட்டுத் தேய்கின்றன. அதுதான் ரிவெர்பரேஷன், சுருக்கமாக ரிவெர்ப்.

லத்தீனில் வெர்பெர் என்றால் சாட்டை, வெர்பெராரே என்றால் அடிப்பது. முன்னால் 'ரெ' சேர்ந்தால் திருப்பி அடிப்பது. நம் ஆள் "அடிக்குது" என்றது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! தமிழில் இதற்கு எதிர்முழக்கம் என்ற சொல் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த சொல். முழவு, முழங்கு, முழக்கு எல்லாம் ஒரே குடும்பம், அங்கேயும் அடிதான். இடிமுழக்கம் என்கிறோமே, இடித்து முடித்த பிறகும் உருண்டுகொண்டே போய் அடங்குமே, அந்த வால் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895இல், அங்கே ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று அதைச் சரிசெய்யும் வேலையை இவரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு சொல் அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, காதாலும் கடிகாரத்தாலுமே அளந்தார். ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம், அதாவது 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம், அங்கிருந்து வந்த கணக்கு. ஆர்டி60 என்று மென்பொருளில் பார்ப்பது இதுவே. தமிழில் எதிர்முழக்க நேரம்.

இப்போது ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற, அறையின் ஒலியை அளக்கும் மென்பொருளில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை 'ஊஊ' என்று தொடங்கிக் கீச்சென்று முடிகிற ஒரு ஸ்வீப் ஓட்டினால் போதும், மைக் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் 60 டெசிபல் முழுதாக இறங்குவதற்குள் வால் பெரும்பாலும் ஃபேன் சத்தத்தில் மூழ்கிவிடும் (ஃபேனை நிறுத்துங்கள் முதலில்). அதனால்தான் டி20 என்று ஓர் அளவு: முதல் 5 டெசிபலை விட்டுவிட்டு, அடுத்த 20 இறங்குகிற நேரத்தை மூன்றால் பெருக்குவது. டி30 என்றால் அடுத்த 30 இறங்குகிற நேரத்தை இரண்டால்.

அப்புறம், சின்ன அறையில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த எண்ணை நம்ப வேண்டாம். அங்கே பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தங்கி நிற்பது நிலையலையால் (சுவர்களுக்கு நடுவே போய்வரும் அலைகள் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்பது போலாவது), அதைப் பார்க்க அதே மென்பொருளில் ஒவ்வொரு அதிர்வெண்ணும் நேரத்தோடு எப்படித் தேய்கிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் படத்தைத்தான் திறக்க வேண்டும்.