‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொன்னால் வலி இல்லை என்று அர்த்தமில்லை

சவூதி அரேபியாவில் பதினொரு வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். இப்போது ஊரில் இருந்தபடி, வளைகுடாவுக்குக் கிளம்பும் நர்ஸ்களுக்கு மாலையில் அரபிப் பேச்சு சொல்லித் தருகிறேன். “அரபியில் என்ன தெரியும்?” என்று முதல் நாள் கேட்டால், பாதிப் பேர் “கைஃப் ஹாலக்” (எப்படி இருக்கிறீர்கள்?) என்கிறார்கள். போனில் பார்த்துக் கற்றது. “சரி, அதற்கு நோயாளி பதில் சொன்னால் அடுத்து என்ன கேட்பீர்கள்?” என்றால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சவூதி லைசென்ஸுக்கான பிரோமெட்ரிக் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அரபி தெரியுமா என்று அதில் யாரும் சோதிப்பதில்லை. நானும் அப்படித்தான் போனேன். அதன் விலை என்ன என்று எனக்குத் தெரிந்தது போய்ச் சேர்ந்த மூன்றாவது மாதத்தில்.

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. சர்க்கரை நோய், காலில் ஆறாத புண் என்று எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். காலை ரவுண்டில் “கைஃப் ஹாலிக், ஹாலா?” என்று கேட்டேன். ‘க்ஹாலா’ (பெரியம்மா) என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு ‘ஹாலா’ என்றுதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே “அல்ஹம்துலில்லாஹ் அலா குல்லி ஹால்” என்றார். சார்ட்டில் ‘வலி இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். பத்து நிமிடத்தில் சூடானைச் சேர்ந்த சீனியர் சிஸ்டர் அதே கட்டிலுக்கு வந்தார். அவரும் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதில்தான் வந்தது. ஆனால் அவர் நகரவில்லை. கட்டில் ஓரமாகச் சாய்ந்து நின்று, “நிம்தி ஸேன், க்ஹாலா?” என்றார். நன்றாகத் தூங்கினீர்களா என்று அர்த்தம். அந்த அம்மா அப்போதுதான் சொன்னார்: இரவு முழுக்கப் படுக்கவே முடியவில்லை, ‘கத்மா’. மூச்சு அடைக்கிறது என்பதற்கு அங்கே அந்தச் சொல். உடனே ஈசிஜி எடுத்தோம். மாரடைப்பு.

சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்று படித்துத் தேறியவள் நான். படிப்பில் குறை இல்லை. நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு நான் முகமன் மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். இருந்தாலும் ‘வலி இல்லை’ என்று எழுதிய அந்த வரி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ‘கைஃப்’ என்றால் எப்படி. ‘ஹால்’ என்றால் நிலை. ஆணிடம் கேட்டால் ‘கைஃப் ஹாலக்’, பெண்ணிடம் ‘கைஃப் ஹாலிக்’, பலரிடம் ‘கைஃப் ஹாலுகும்’. குர்ஆன் ஓதிப் பழகியவர்கள் ‘கைஃப ஹாலுக’ என்று முழு உச்சரிப்போடு சொல்வார்கள். அது ஏட்டு அரபி. யாருக்கும் புரியும், ஆனால் வார்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

உச்சரிப்பில் இரண்டு இடத்தில் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, ‘ஹா’ நெடில். குறிலாக்கி ‘ஹலக்’ என்றால், அழிந்து போனான் என்று அர்த்தம் வரும் வேறொரு சொல் காதில் விழும். குறில் நெடில் தெரிந்த நமக்கு இது கஷ்டமே இல்லை, கவனம் இருந்தால் போதும். இரண்டாவது, அந்த ‘ஹ’. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்முன் வாயால் ஊதுவோமே, அந்தக் காற்றோடு வர வேண்டும். தொண்டையைச் செருமுவது போல ‘க்ஹாலக்’ என்று சொல்லிவிட்டால், ‘உன் தாய்மாமன் எப்படி?’ என்று கேட்டதாகிவிடும். நேர்மாறாக, வயதான பெண்ணை மரியாதையாக அழைக்கும் ‘க்ஹாலா’வுக்கு அந்தச் செருமல் வேண்டும். அம்மாவின் சகோதரி என்று பொருள். தெரியாத பெரியவரையும் ‘பெரியம்மா’ என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்த முறை சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். ‘அம்மா’ என்று மட்டும் பழக்க தோஷத்தில் கூப்பிடாதீர்கள். அரபியில் அதற்கு நெருக்கமாக ஒலிக்கும் சொல்லுக்கு அத்தை என்று பொருள்.

வளைகுடாவில் ‘கைஃப் ஹாலக்’ அளவுக்கு ‘ஷ்லோனக்’ என்பதும் காதில் விழும். ‘லோன்’ என்றால் நிறம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உன் நிறம் எப்படி?’ என்ற கேள்வி. ‘முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே, உடம்புக்கு என்ன?’ என்று கேட்கிற நமக்கு இது விநோதமாகத் தெரியாது. குவைத், பஹ்ரைன் பக்கம் பெண்ணிடம் ‘ஷ்லோனிச்’ என்பார்கள். ரியாத் பக்கத்துப் பெரியவர்களிடம் அதே சொல் ‘ஷ்லோனிட்ஸ்’ என்று கேட்கும். எகிப்துக்காரர் ‘இஸ்ஸய்யக்’ என்பார். சிரியா, லெபனான்காரர் ‘கீஃபக்’. மொராக்கோ பக்கம் ‘லாபாஸ்’. சவூதி மருத்துவமனையில் இத்தனை நாட்டு நோயாளிகளும் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள். நீங்கள் ‘கைஃப் ஹாலக்’ ஒன்றைத் திருத்தமாகச் சொன்னால் போதும். மற்றவை காதில் விழும்போது அதே கேள்விதான் என்று புரிந்துகொண்டால் சரி.

பதிலில்தான் விஷயமே இருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், மூட்டு வலியில் துடிப்பவரும் முதலில் சொல்வது ‘அல்ஹம்துலில்லாஹ்’. புகழனைத்தும் இறைவனுக்கே. நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களிலும் இதையே சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உடம்பைப் பற்றிய தகவல் இல்லை. தன் நிலை எதுவானாலும் நன்றி மறக்கவில்லை என்று இறைவனுக்குச் சொல்வது. கேட்டவருக்குத் தரும் மரியாதையும்கூட. சிஸ்டரிடம் எடுத்த எடுப்பில் புலம்பலை ஆரம்பிப்பதை வயதானவர்கள் நாகரிகமாக நினைப்பதில்லை. ‘பிக்ஹைர்’ (நலம்), ‘தைய்யிப்’, ‘ஸேன்’ (நன்று) என்று கூடவே வரும் சொற்களும் பெரும்பாலும் முகமனில் சேர்ந்தவையே.

ஆனால் ‘அலா குல்லி ஹால்’ என்று ஒரு வால் சேர்ந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘எந்த நிலையிலும்’ என்று பொருள். எந்த நிலையிலும் இறைவனுக்கே புகழ் என்று மனிதர்கள் சொல்வது பெரும்பாலும் நிலை சரியில்லாதபோது. நம் வீட்டுப் பெரியவர்கள் “ஏதோ இருக்கேம்மா” என்பார்கள் இல்லையா? அந்த ‘ஏதோ’வுக்குள் எத்தனை ராத்திரித் தூக்கம் கெட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். என் நோயாளி அன்று காலை எனக்கு அதைச் சொல்லியிருந்தார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. இன்னொன்று ‘தஅபான்’, பெண்ணானால் ‘தஅபானா’. அகராதியில் ‘களைப்பு’ என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் ‘உடம்பு முடியவில்லை’ என்று பொருள். ‘தஅபானா ஷ்வய்ய’, கொஞ்சம் முடியவில்லை என்றால், அந்தக் ‘கொஞ்ச’த்தை நான் நம்புவதில்லை.

ஆகவே இரண்டாவது கேள்விதான் உண்மையான விசாரிப்பு. என் வகுப்பில் இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்கிறேன். பெண் நோயாளியிடம் ‘நிம்தி ஸேன்?’, ஆணிடம் ‘நிம்த் ஸேன்?’. சாப்பிட்டீர்களா என்பதற்கு ‘அகல்தி?’, ஆணுக்கு ‘அகல்த்?’. தூக்கமும் சாப்பாடும் யாருக்கும் பதில் சொல்லக் கூச்சமில்லாத விஷயங்கள், அவற்றின் வழியாகத்தான் வலி வெளியே வரும். பிறகு நேராகவே ‘ஃபீ அலம்?’, வலி இருக்கிறதா? ‘வேன் அல்-அலம்?’, எங்கே வலி? ‘ஃபீ தவ்க்ஹா?’, தலைசுற்றல் உண்டா? விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அரபி தடுமாறினாலும் அவர் விரல் தடுமாறாது. இதயத்தைக் கேட்கும்போது மட்டும் ஜாக்கிரதை. இதயத்துக்கும் ‘கல்ப்’ என்றுதான் சொல், ஆனால் அதன் முதல் எழுத்து ஏட்டு அரபியில் அடித்தொண்டையிலிருந்து வரும். வளைகுடாப் பேச்சில் ‘தங்க’த்தில் வரும் ‘க’ போல மென்மையாக ஒலிக்கும். ‘கப்ப’லின் ‘க’வைப் போட்டு ‘கல்ப்’ என்றால் நாய் என்று பொருள்.

வலி எவ்வளவு என்று கேட்க ‘மின் ஸிஃப்ர் இலா அஷரா, கம்?’ போதும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, எத்தனை? ‘ஸிஃப்ர்’ என்ற சொல்லை வகுப்பில் யாரும் மறப்பதில்லை. நாம் சொல்லும் ‘சைபர்’ அதிலிருந்து ஐரோப்பா சுற்றி நம்மிடம் வந்த சொல்தான்.

கட்டிலை விட்டு நகரும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகருங்கள். ‘ஸலாமாத்’ என்றால் குணமாகட்டும். ‘மா தஷூஃப் ஷர்’, தீங்கு எதையும் நீ காணாதிருப்பாயாக. பெண்ணுக்கு ‘மா தஷூஃபீன் ஷர்’. ‘அஷ்ஷர் மா யிஜீக்’, தீங்கு உன்னிடம் வராதிருக்கட்டும் என்று அவரே பதிலுக்கு உங்களை வாழ்த்துவார். பெண் நர்ஸிடம் கடைசி எழுத்து மாறும். வாழ்த்தப்பட்டால் அதைவிடச் சிறந்ததைச் சொல்லுங்கள், அல்லது அதையே திருப்பிச் சொல்லுங்கள் என்பது குர்ஆன் வசனம் (4:86). அந்தப் பழக்கம் நோயாளியின் நாக்கிலும் இருக்கும். உங்களையும் அவர் பதிலுக்கு விசாரிப்பார். ஊரில் பிள்ளைகள் எப்படி, அம்மா எப்படி என்று. அவசரத்தில் தலையாட்டிவிட்டு ஓடிவிடாதீர்கள். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று ஒரு சொல் சொல்லி, ‘அல்லாஹ் யிஸல்லிமிக்’ (இறைவன் உங்களை நலமாக வைக்கட்டும்), ஆணுக்கு ‘யிஸல்லிமக்’, என்று வாழ்த்தினால் அவர் முகம் மலரும். அந்த அரை நிமிடத்தை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை. அடுத்த முறை வலிக்கும்போது அவர் மணியை அழுத்துவது அந்த அரை நிமிடத்தை நம்பித்தான்.

ஆண் நர்ஸ்களுக்கு ஒன்று: ஆண் நோயாளியிடம் ‘உங்கள் மனைவி எப்படி?’ என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. ‘கைஃப் அல்-அஹ்ல்?’, வீட்டார் எப்படி என்று பொதுவாகக் கேளுங்கள்.

கடைசியாக, இந்தப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு மருந்தளவையோ ஆபரேஷன் சம்மதத்தையோ பேசத் துணியாதீர்கள். ‘ஆமாம்’ என்று நோயாளி தலையாட்டியது எதற்கென்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. “லஹ்ளா, க்ஹாலா” (ஒரு நிமிடம், பெரியம்மா) என்று சொல்லிவிட்டு ‘முதர்ஜிமா’வை, மொழிபெயர்ப்பாளரை, அழைத்து வாருங்கள். நள்ளிரவானாலும் போன் போட்டுக் கேளுங்கள்.