கை சுட்டால்தான் நல்ல டார்ச்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய டார்ச் லைட்டில் இருந்த பல்பைக் கழற்றிவிட்டு, அதே அளவில் கிடைக்கும் எல்இடி மாட்யூலைப் போட்டேன். முதலில் கண்ணைக் கூசும் வெளிச்சம். ஐந்தே நிமிடத்தில் மங்கிப்போய் வெள்ளையில் நீலம் ஏற ஆரம்பித்தது. சூடாகிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தால் டார்ச் ஜில்லென்றுதான் இருக்கிறது. அப்புறம் என்ன கோளாறு?"

ஜில்லென்று இருக்கிறதே, அதுதான் கோளாறு.

மலிவு டார்ச்சுகளில் இப்படி மாற்றிப்போடும் மாட்யூல்களில் பெயர்பெற்றது பி60. ஷ்யூர்ஃபயர் நிறுவனம் தன் 6பி டார்ச்சுக்குச் செய்த பல்புத் தொகுதியின் பெயர் அது. பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒன்றாகச் சேர்ந்த சின்னக் கிண்ணம். வாய் விட்டம் சுமார் 26.5 மில்லிமீட்டர். டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மற்றவர்களும் அந்த அளவையே பிடித்துக்கொண்டதால், ஒருவர் செய்த டார்ச் உடம்புக்குள் இன்னொருவர் செய்த மாட்யூல் பொருந்துகிறது. எல்இடி வந்த பிறகும் கிண்ணத்தின் வடிவம் மாறவில்லை. உள்ளே பல்பு இருந்த இடத்தில் பித்தளைக் குப்பி ஒன்று வந்தது. அதன் மேல்பக்கம் எல்இடி, அடியில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர்.

மின்சாரக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேட்டரியின் நேர்முனை நடு ஸ்பிரிங்கைத் தொடும். அங்கிருந்து டிரைவர், எல்இடி, பித்தளைக் குப்பி, அதைச் சுற்றியுள்ள பெரிய ஸ்பிரிங், டார்ச்சின் உடம்பு, வால்பக்க சுவிட்ச் என்று போய் எதிர்முனையில் சுற்று முடியும். வாங்கும்போது பார்க்கவேண்டியது வோல்டேஜ் வரம்பு. முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம் அயான் பேட்டரி 4.2 வோல்ட், இரண்டைத் தொடராகப் போட்டால் 8.4. ஒரு பேட்டரிக்கென்று செய்த டிரைவரில் இரண்டைப் போட்டால் அது கருகிவிடும்.

சரி, சூட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பழைய பல்பில் டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கும். அவ்வளவு சூட்டில் இருக்கும் பொருள் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வீசிவிடும். ரிஃப்ளெக்டர் எப்படி ஒளியை முன்னால் தள்ளுகிறதோ, அப்படியே அந்த வெப்பத்தையும் கண்ணாடி வழியே வெளியே தள்ளிவிடும். பழைய டார்ச்சின் முகத்தருகே உள்ளங்கையை வைத்தவர்களுக்கு அந்தக் கதகதப்பு நினைவிருக்கும். அதாவது அந்தக் கிண்ணம் உடம்பை ஒட்டியிருக்கவேண்டிய அவசியமே இல்லை. சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விட்டார்கள், கழற்றி மாட்டவும் அது வசதியாக இருந்தது.

எல்இடி இதற்கு நேர் எதிர். அது வீசும் ஒளியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. முன்னால் கையை வைத்தால் பழைய கதகதப்பு இருக்காது. "எல்இடி சூடாகாது" என்ற நம்பிக்கை பிறந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். உண்மையில் உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது, அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லுக்குள். இழையைப்போல ஆயிரக்கணக்கான டிகிரிக்கு ஏறி, கதிராக வீசித் தப்பிக்கவும் அதற்கு வழியில்லை; 150 டிகிரியை நெருங்கினாலே பல எல்இடிகளுக்கு ஆபத்து. மிச்சமிருப்பது வெப்பக்கடத்தல் மட்டும்: சில்லிலிருந்து அடியிலுள்ள உலோகப் பலகை, பித்தளைக் குப்பி, ரிஃப்ளெக்டர், அப்புறம் உடம்பு, கடைசியில் உங்கள் கை.

இந்தச் சங்கிலியில் ரிஃப்ளெக்டருக்கும் உடம்புக்கும் நடுவே, பல்பு காலத்து இடைவெளி அப்படியே கிடக்கிறது. காற்றின் வெப்பக்கடத்துதிறன் 0.026 வாட்/மீட்டர்·கெல்வின். செம்புக்கு ஏறக்குறைய 400. பதினைந்தாயிரம் மடங்கு வித்தியாசம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26.5 மில்லிமீட்டர் விட்டம், 2 சென்டிமீட்டர் உயரமுள்ள கிண்ணம். சுற்றிலும் கால் மில்லிமீட்டர் காற்று. 5 வாட் வெப்பம் அதைக் கடக்கவேண்டுமென்றால், இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சுமார் 29 டிகிரி வித்தியாசம் வேண்டும். பித்தளைக் குப்பி கிண்ணத்தின் வாயைவிட ஒல்லி என்பதால் அங்கே இடைவெளி இன்னும் அதிகம். ஒரு மில்லிமீட்டர் என்றால் நான்கு மடங்கு. இந்த மெல்லிய காற்று வளையம் டார்ச்சுக்குள் ஒரு ஃபிளாஸ்க்கைக் கட்டி வைத்திருக்கிறது. உள்ளே எல்இடி வெந்துகொண்டிருக்க, வெளியே கைக்கு ஜில்லென்று இருக்கிறது.

நீலம் எங்கிருந்து வந்தது? வெள்ளை எல்இடி என்பது அடிப்படையில் நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாகத் துப்புகிறது. இரண்டும் கலந்து வெள்ளை. சூடு ஏற ஏற பாஸ்பர் சோர்ந்துபோகும், மஞ்சள் குறையும், நீலம் மிஞ்சும். மங்கியதில் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கியதற்கும் பங்கு இருக்கலாம். நீலத்துக்குச் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. நூறு சதவீதம் தகும். ஆனால் ஒளி பிறப்பதை ஆராய்பவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டலும் பணமும், அந்தச் சூட்டை வெளியே கொண்டுவரும் பசை, பலகை, பற்றவைப்பு என்று மாரடிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

வைத்தியம் எளிது. சமையலறை அலுமினியத் தாளை நாடாவாக வெட்டி, கிண்ணத்தைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றவேண்டும். செம்புத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. குப்பி ஒல்லியாக இருக்கும் இடத்தில் கூடுதலாகச் சில சுற்று. உடம்புக்குள் தள்ளும்போது லேசாகத் திருகித்தான் உள்ளே போகவேண்டும், தானாக வழுக்கி விழுந்தால் இன்னும் இரண்டு சுற்று பாக்கி. பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. தொட்டுக் கடத்தும் வெப்பத்துக்குப் பளபளப்பு பொருட்டே இல்லை, நெருக்கம்தான் கணக்கு. ஒரு எச்சரிக்கை: தாளின் நுனி நடு ஸ்பிரிங்கைத் தொட்டால் பேட்டரி ஷார்ட் ஆகும். லித்தியம் பேட்டரியிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

நான் முதல்முறை சுற்றியபோது அவசரத்தில் தாளைக் கசக்கிவிட்டேன். மடிப்புகளுக்குள்ளே காற்று புகுந்துகொண்டது, பாதி பலன்தான். நீவிவிட்டு மறுபடி சுற்றியதும், எரியவிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே டார்ச்சின் கழுத்தில் சூடு தெரிந்தது.

கேள்வி கேட்ட வாசகருக்கு: முழுக்க ஆறவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். பழைய வெள்ளை திரும்பினால் மாட்யூல் பிழைத்துக்கொண்டது, தாளைச் சுற்றலாம். அணைத்துவிட்டுப் பார்க்கையில் எல்இடியின் மஞ்சள் பொட்டின் நடுவே பழுப்பாகக் கருகல் தெரிந்தால், அது போய்விட்டது. புதிதாக வாங்கும் மாட்யூலை எரியவிடும் முன்பே சுற்றிவிடுங்கள்.