பனிக்கட்டிக்குள் ஒன்றரை

ஒரு மோல் வாயுவின் மூலக்கூறுகள் எத்தனை என்று எழுத, 6 போட்டு 23 பூஜ்ஜியங்களை வரிசையாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு மூலக்கூறும் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் எந்தத் திசையில் போகிறது என்ற முழு விவரம்தான் ஒரு நுண்நிலை. சாத்தியமான நுண்நிலைகளின் எண்ணிக்கைக்கு இயல்மடக்கை எடுத்து, போல்ட்ஸ்மான் மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி. இதை எப்போது எண்ணி முடிப்பது என்று மலைக்க வேண்டாம். என்ட்ரோபி மாற்றம் மட்டும் வேண்டுமென்றால், பிந்தைய எண்ணிக்கை முந்தையதைப் போல் எத்தனை மடங்கு என்று தெரிந்தாலே போதும்.

பெட்டியின் இடப்பாதியில் வாயு, வலப்பாதியில் வெற்றிடம், நடுவே தடுப்பு. தடுப்பை எடுத்ததும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இடம் இரு மடங்காகிறது. வெப்பநிலை மாறாததால் வேகங்களின் பங்கு வகுக்கும்போது அடிபட்டுப்போகும். நுண்நிலைகள் ஒரு மூலக்கூறுக்கு 2 மடங்கு, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8. நூறுக்கு வந்தால் 31 இலக்க எண். ஒரு மோலுக்கான பூதாகாரமான எண்ணோ, மடக்கை எடுத்ததும் 8.314 × 0.693, அதாவது கெல்வினுக்கு 5.76 ஜூல் என்று அடங்கிவிடுகிறது. (போல்ட்ஸ்மான் மாறிலியை ஒரு மோலின் மூலக்கூறு எண்ணிக்கையால் பெருக்கினால் 8.314; 2-இன் இயல்மடக்கை 0.693.)

காகிதக் கணக்குதானே என்பவர்களுக்கு நான் பனிக்கட்டியைத்தான் காட்டுவேன். அதில் ஒவ்வோர் ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்கள். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு ஹைட்ரஜன், இரு முனைகளில் ஏதாவது ஒன்றை ஒட்டி. நான்கு திசைகளில் இரண்டைத் தன் ஹைட்ரஜன்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒரு மூலக்கூறுக்கு 6 வழிகள் உண்டு. ஆனால் அந்த இரு திசைகளிலும் அண்டை மூலக்கூறுகள் ஹைட்ரஜனை நீட்டியிருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு பாதி; இரண்டுக்கும் சேர்த்துக் கால். ஆக, ஒரு மூலக்கூறுக்கு 6 வழிகளில் கால்: ஒன்றரை. 1935-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் போட்ட கணக்கு இவ்வளவுதான். 1.5-இன் இயல்மடக்கையை 8.314-ஆல் பெருக்கினால் 3.37. தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் இந்த என்ட்ரோபி பனிக்கட்டியை விட்டுப் போகாது என்பது அதன் பொருள்.

மறு ஆண்டே ஜியாக்கும் ஸ்டவுட்டும் பனிக்கட்டியின் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது ஒரு கெல்வின் சூடேற்றத் தேவைப்படும் வெப்பத்தை, 15 கெல்வினிலிருந்து அளந்தார்கள். வெப்ப அளவீடுகளைக் கூட்டிப் பெற்ற நீராவியின் என்ட்ரோபி, நிறமாலையிலிருந்து கணித்ததைவிடக் குறைந்தது. சூடேற்றும்போது சேர்ந்த என்ட்ரோபிதான் வெப்ப அளவீட்டில் தெரியும்; பனிக்கட்டியில் முன்பே தங்கியிருந்தது தெரியாது. துண்டு விழுந்தது ஏறத்தாழ 3.4!

பாலிங்கின் கணக்கில் சிறு ஓட்டை உண்டு: பனிக்கட்டியில் மூலக்கூறுகள் வளையங்களாகக் கோத்திருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 1966-இல் ஜான் நேகல் அதையும் சேர்த்துப் பார்த்தபோது 1.5 என்பது 1.507 ஆயிற்று.