மன்னிப்பு: சொல்லும் பொருளும்

‘மன்னிப்பு’ உருதுச் சொல் என்றும், தமிழில் ‘பொறுத்தருளல்’ என்றே எழுத வேண்டும் என்றும் சொல்வோர் உண்டு. முதற்கூற்று ஐயத்துக்குரியது. உருதுவில் இப்பொருளுக்கு வழங்குவது அரபியிலிருந்து வந்த ‘முஆஃபி’. மலையாளத்தின் ‘மாப்பு’ அதன் வழிவந்தது. ‘மன்னி’ என்னும் வினைக்கு உறவாகக் காணப்படுபவை தெலுங்கின் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தின் ‘மன்னிசு’ ஆகியவை. அவ்விரண்டுக்கும் மதித்தல் என்ற பொருளும் உண்டு.

பொறுத்தல் பழந்தமிழ்ச் சொல் என்பதில் ஐயமில்லை. பொறு என்றால் சுமத்தல், தாங்குதல். தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு வள்ளுவர் உவமையாக்கியது இந்த வேர்ப்பொருளை ஒட்டியே. அடுத்த குறளில், ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று’ என்கிறார். இங்கே இறப்பு என்பது வரம்பு கடந்து செய்த தீங்கு. பொறுத்தவனிடம் அந்தத் தீங்கின் நினைவு எஞ்சியிருக்கக்கூடும் என்பதாலேயே மறத்தலை அதற்கு மேலே வைத்தார் என்று கொள்ளலாம்.

கிறிஸ்தவ வழக்கில் ‘மன்னிப்பு’ ஏற்றிருக்கும் பொருள் கடன் கணக்கிலிருந்து வருகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பெரிதும் ஆளப்படும் வினை ‘அஃபியேமி’. போகவிடுதல், கடனைத் தள்ளுபடி செய்தல் என்பன அதன் பொருள்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையில் ஊழியக்காரன் ஒருவன் அரசனுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் என்று கொண்டால் அது 6 கோடி வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒருநாள் கூலி. அத்தனையும் தள்ளுபடியாகப் பெற்றவன், தனக்கு வெறும் 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். சிலுவையில் இயேசு வேண்டியதைப் பழைய தமிழ் வேதாகமம் ‘இவர்களுக்கு மன்னியும்’ என்று நான்காம் வேற்றுமையில் எழுதுவது இன்றைய காதுக்குப் பிழையாகப் படலாம். ஆயினும் கடனை ஒருவருக்குத் தள்ளுபடி செய்கிறோம் என்ற பொருளை அந்தக் ‘கு’ உருபு காக்கிறது. ‘இவர்களை மன்னியும்’ என்னும்போது அது மறைந்துவிடுகிறது.

பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் மன்னித்தலுக்கு ‘காரிஸோமாய்’ என்ற வேறொரு வினை வருகிறது. அருள் என்று பொருள்படும் ‘காரிஸ்’ அதன் வேர். தகுதி பாராமல் கொடையாக வழங்குதல் என்பதே கருத்து. கொலோசெயர் 3:13 ‘ஒருவரையொருவர் தாங்கி’ என்பதையும் ‘ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்’ என்பதையும் தனித்தனியே சொல்வதால், வெறும் ‘பொறுத்தல்’ முன்னதற்கே முழுதும் பொருந்தும். கத்தோலிக்கரின் பழைய செபத்தில் உள்ள ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்ற தொடர் இக்குறையை அருள் என்னும் துணைவினையால் நிரப்பியது; என் காதுக்கு அதுவே அழகிய ஆட்சி. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13:5இல் ‘தீங்கு நினையாது’ என்று நாம் வாசிக்கும் இடத்திலும் மூலச்சொல் கணக்கிடுதலைக் குறிப்பதே. மன்னிப்பு அன்பின் செயலாவது இந்த வகையில்தான்: பட்ட தீங்கை அன்பு வரவேண்டிய பாக்கியாக எழுதி வைப்பதில்லை.

ஆனால் இத்தள்ளுபடி, தீங்கு நேரவில்லை என்று சொல்வதாகவோ சட்டத்தை விலக்குவதாகவோ ஆகாது. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மறைப்பணியாளர் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு சிறுமகன்களும் வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டபோது, அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். வழக்கு தன் வழியில் நடந்தது, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது.

ஆகவே தனித்தமிழில் எழுத விரும்புவோர் இறைவனின் செயலுக்குப் ‘பொறுத்தருளல்’ என்று தயங்காமல் எழுதலாம். மனிதர் மனிதருக்குச் செய்வதைச் சொல்லும்போது ‘அருளல்’ மேலிருந்து கீழ்நோக்கும் தொனியைத் தந்துவிடுவதால், அங்கே ‘மன்னித்தல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்.