உமரி முளைக்கும் மாதம்

மார்கழியில், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் போனால் உப்பளங்கள் ஓய்ந்து கிடக்கும். பாத்தி நிறைய மழைத்தண்ணீர். வரப்போரத்தில் உமரி பச்சைப்பசேலென்று முளைத்திருக்கும். சித்திரை வெயிலில் பார்த்தால் அதே செடி சிவந்துபோய் நிற்கும். உப்பு மண்ணிலேயே வாழ்கிற செடிக்கு மழை எதற்கு?

வளர்ந்த உமரி உப்பைத் தாங்கும். விதைக்குத்தான் அந்தத் தெம்பு கிடையாது. மண்ணில் உப்பு மிகுந்தால் விதையால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. அந்தச் சில வாரங்களுக்குள் விதை முளைத்து வேர் பிடித்துவிட வேண்டும். அப்புறம் உப்பு ஏறினாலும் கவலையில்லை. உள்ளே வரும் உப்பை இலையின் செல்களுக்குள் தனிப் பைகளில் அடைத்து, தண்ணீரும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓர் இலையைக் கிள்ளி நசுக்கிப் பாருங்கள், விரல் நனையும். நாக்கில் வைத்தால் கரிக்கும்.

தாமிரபரணி முகத்துவாரத்து அலையாத்தி மரமான வெண்கண்டலின் வழி வேறு. அது உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் இலையில் வெள்ளைப் பொடியாகப் படிந்திருப்பது அந்த உப்புதான்.

சரி, குளிர்? நம் கரையில் தண்ணீர் உறைவதே இல்லை. ஆனால் அமெரிக்காவின் தெற்குக் கடற்கரையில் மரமா புல்லா என்று முடிவு செய்வது குளிர்தான். அங்கே வெண்கண்டலின் நெருங்கிய சொந்தமான ஒரு மரமும் உயரமான உப்புப்புல்லும் ஒரே சேற்றுக்குப் போட்டி போடுகின்றன. கடும் குளிரில் மரத்தின் நீர்க்குழாய்களில் தண்ணீர் உறைகிறது. உறையும்போது பிரியும் காற்று, பனி உருகியதும் குமிழியாகி நீரோட்டத்தை அறுத்துவிடுகிறது. வேரில் தண்ணீர் இருந்தும் இலைக்கு ஏறாமல் மரம் காய்ந்துபோகும். புல்லும் மேலே கருகும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பித்து வசந்தத்தில் துளிர்க்கும். 1989 டிசம்பர் உறைபனியில் லூசியானா, டெக்சாஸ் கரைகளில் மரங்கள் ஏராளமாகச் செத்தன. ஃபுளோரிடாவில் மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் குறையக் குறைய, மரம் வடக்கே ஏறிப் புல்வெளியைப் பிடித்துவருகிறது.

நம் கரையில் எது முளைத்து நிலைக்கும் என்ற கணக்கை மழைதான் எழுதுகிறது. அதுவும் ஒரே சீராக எழுதுவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆற்றுத்தண்ணீர் கடலில் வீணாய்ப் போகிறது என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணைக்கட்டு. அதைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர்தான் முகத்துவாரத்தின் உப்பைக் குறைக்கிறது. சேற்றில் இரண்டு இலை விட்டு நிற்கும் கண்டல் கன்றுக்கு வேண்டியதும் அதுதான்.