அனுசரணையாளர்: ஒரு சொல்லும் சொல்ஹெய்மும்

2002ஆம் ஆண்டையொட்டிய யாழ்ப்பாணத்து, கொழும்புத் தமிழ் நாளிதழ்களைப் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: அனுசரணையாளர். பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே ஒரு பெயரும் இருக்கும்: எரிக் சொல்ஹெய்ம். இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் நடத்திய சமாதானப் பேச்சுக்கு நோர்வேயின் சார்பில் துணைநின்ற அரசியல்வாதி அவர்; அந்தப் பணிக்குத் தமிழில் இட்ட பெயர்தான் அனுசரணையாளர். நோர்வேக்காரர்கள் அவர் பெயரைச் 'சூல்ஹைம்' என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கிறார்கள். ஈழத்துப் பத்திரிகைகளோ அதைச் 'சொல்' என்றே தொடங்கிவிட்டன. சொல்லாராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

1955இல் பிறந்த சொல்ஹெய்ம், சோசலிச இடதுசாரிக் கட்சியின் தலைவராக 1987 முதல் 1997 வரை இருந்தவர். 1989 முதல் 2001 வரை நாடாளுமன்ற உறுப்பினர். 2000இல் நோர்வே வெளியுறவு அமைச்சின் சிறப்பு ஆலோசகராக இலங்கைப் பணிக்கு வந்தார். அமைச்சரானது அதற்குப் பிறகுதான்: 2005 அக்டோபரில் பன்னாட்டு வளர்ச்சித் துறை, 2007இல் அதோடு சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்தது, 2012இல் விலகினார். நம் சொல்லுக்கு வேண்டியது இடைப்பட்ட அந்த இலங்கைக் காலம்.

இலங்கையில் நோர்வே தன்னைப் பொதுவாக மத்தியஸ்தர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மொழியில் மத்தியஸ்தர் என்பதற்கு 'மெக்லர்' என்று ஒரு சொல் உண்டு. வீடு, நிலம் விற்றுக்கொடுக்கும் தரகருக்கும் அங்கே அதே சொல்தான். தொழிலாளர் சச்சரவுகளைத் தீர்க்க அரசு அமர்த்தும் அதிகாரியின் பட்டத்திலும் அது இருக்கிறது. விலை பேசி, இரு பக்கமும் இழுத்து, ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் வாடை அதில் அடிக்கும். இலங்கை விஷயத்தில் நோர்வே தேர்ந்தெடுத்த சொல் வேறு: 'தில்ரெத்தலெக்கர்'. அதைப் பிரித்தால் 'சரியான இடத்தில் எடுத்து வைப்பவர்' என்ற பொருள் கிடைக்கும். நாற்காலி போடுபவர், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர், அறையை ஏற்பாடு செய்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. ஆங்கிலத்தில் இதே பொறுப்புக்குப் பயன்பட்ட 'ஃபெசிலிடேட்டர்' என்ற சொல், 'எளிது' என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது.

இனி நம் பக்கம். அனுசரணை வடமொழி வழி வந்த சொல். 'அனு' என்றால் பின். 'சரண' என்பது செல்லுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. ஆக, பின்செல்லல். 'அனுசரித்துப் போ' என்று புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் மட்டும் தவறாமல் சொல்லி அனுப்புகிறோமே, அதே சொல்தான். தமிழ்நாட்டில் அனுசரணை என்றால் இணக்கம், ஆதரவான நடத்தை. இலங்கையில் இன்னொரு பொருளும் ஊறிக் கிடக்கிறது: பணம் கொடுத்துத் தாங்குதல். வானொலி நிகழ்ச்சிக்கு 'அனுசரணை வழங்குவோர்' என்று அறிவிப்பார்களே, அது விளம்பரதாரர். நோர்வே உதவிப் பணமும் கொடுத்துவந்த நாடு என்பதால், இரண்டு பொருளும் ஒரே சொல்லில் குழைந்துவிட்டன. மொழிபெயர்த்தவர் அதை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பேசும் இரு தரப்பும் முன்னே நடக்க, ஒருவர் பின்னே செல்கிறார் என்ற அளவில் அனுசரணையாளர் நல்ல சொல்தான். ஆனால் நடந்தது அவ்வளவு பின்செல்லல் அல்ல என்பது என் கருத்து. 2002 பிப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைப் பாருங்கள். கண்காணிப்புக் குழுவின் தலைவரை, இரு தரப்பின் ஒப்புதலோடு, நோர்வே அரசு நியமிக்கும். உடன்படிக்கைக்குப் பொருள் கொள்வதில் அந்தத் தலைவரே இறுதி அதிகாரம் உடையவர். வெறுமனே நாற்காலி போடுபவருக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு? ஆட்டத்தை ஏற்பாடு செய்பவரே நடுவரையும் அனுப்பிவைக்கும்போது 'அனுசரணை' என்ற மென்மையான சொல் கொஞ்சம் மறைக்கவும் செய்கிறது. தென்னிலங்கையில் சொல்ஹெய்மைப் புலிகளின் ஆதரவாளர் என்று திட்டினார்கள். 2009க்குப் பிறகு தமிழர் பலர் கைவிட்டவர் என்று திட்டினார்கள். பின்செல்பவர் என்ற பெயர் இரண்டு கூட்டத்திடமும் அவரைக் காப்பாற்றவில்லை.

சரியான தமிழ்ச்சொல் எது? மத்தியஸ்தர் என்பதற்கு 'நடுவர்' கொஞ்சம் கடுமை. அது தீர்ப்புச் சொல்பவரைக் குறிக்கும். 'இடையீட்டாளர்' பொருந்தும். பழந்தமிழில் போரை விலக்கச் சந்து பேசுவதற்குத் துணைவஞ்சி என்று ஒரு பாடல் துறையே இருந்தது. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு நிற்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டுக் கிடக்க, புலவர் கோவூர் கிழார் இருவரையும் நோக்கி, மோதும் நீங்கள் இருவருமே சோழர்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் அனுசரணையாளர் அல்ல. கருத்துச் சொல்லிக் குறுக்கே நின்ற இடையீட்டாளர்.

நோர்வே தனக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு நேரான சொல் வேண்டுமென்றால் 'வழிசமைப்பாளர்' என்பேன். 'வழிசமைக்கும்' என்ற வினை ஈழத்துச் செய்தி நடையில் நாள்தோறும் புழங்குகிறது. அதிலிருந்து பெயர் ஆக்குவது கடினமல்ல. பணம் கொடுப்பவர் என்ற குழப்பமும் அதில் இல்லை. 'ஏற்பாட்டாளர்' என்றும் சொல்லலாம்தான், ஆனால் அது கல்யாண மண்டபத்தை நினைவூட்டிவிடும். 'எளிதாக்குநர்' என்பதைப் பயிற்சி வகுப்புகளுக்கு விட்டுவிடலாம். சமாதானப் பேச்சை யாரும் எளிதாக்கியதாகத் தெரியவில்லை. 2002 செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி ஆறு சுற்று நடந்த பேச்சு, 2003 வசந்தத்தில் நின்றது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு உடன்படிக்கையிலிருந்தே விலகியது.

பழைய செய்திகளை மேற்கோள் காட்டும்போது அனுசரணையாளர் என்பதையே வைத்திருங்கள். அந்தக் காலம் அவருக்கு இட்ட பெயர் அது. புதிதாக எழுதும்போது, அவர் வழி மட்டும் அமைத்தாரா, இடையிலும் நின்றாரா என்று பார்த்து, வழிசமைப்பாளர் என்றோ இடையீட்டாளர் என்றோ எழுதுங்கள்.